பேச்சில் தன் முறையைக் கேட்டவர்

குணா அண்ணன் போய்விட்ட செய்தி பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில் எனக்கு வந்தது. மின்கார்களுக்கு மின்னேற்றும் பெட்டி ஒன்றைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். கைப்பேசியில் பத்மா அக்காவின் பெயர் தெரிந்தது. அவர் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார், நேரே அழைக்க மாட்டார். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜமீலா, எங்க இருக்கே?"

"வேலையிலதான்க்கா."

"காடி ஓட்டலையே?"

"இல்லக்கா."

"அண்ணன் போயிட்டாரும்மா."

கணவரை இழந்து சிறிது நேரமே ஆகியிருந்த அந்தப் பெண், செய்தி கேட்டு நான் காரை எங்கேயாவது மோதிவிடக்கூடாது என்று முதலில் அதைத்தான் கேட்டார். இறப்புச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைச் சொன்னேன். பத்து லஞ்சாங் மயானத்தில் நடந்த தகனத்துக்கு, அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அங்கே என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் அவரும் நானும் எதிரெதிர் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்தவர்கள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்தவரின் பேரன். நான் குவீன் ஸ்திரீட்டில் நாணயமாற்றுக் கடை வைத்திருந்தவரின் மகள். ஒரு கட்டடத்துக்குள் வரும் மின்சாரத்தை அங்கே நிற்கும் கார்களுக்கு எப்படிப் பகிர்வது, எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்று முடிவு செய்யும் மென்பொருள் எங்கள் வேலை. குணா அண்ணன் அதற்கு முன் தொலைபேசி வலையமைப்பில் இருந்தவர். எங்கே தாமதம் ஆகிறது என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது.

தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு கொண்டோமினிய அடுக்குமாடியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அட்டையைப் பெட்டியில் வைத்தால் மின்னேற்றம் உடனே தொடங்குவதில்லை என்று குடியிருப்பவர்கள் ஓயாமல் புகார் செய்தார்கள். கிளவுடில் இன்னும் பெரிய இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் முடிவுக்கே வந்துவிட்டது. குணா அண்ணன் அந்த நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கார்க்காரர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் கூட்டத்தில் முதலாளியை நடுவிலேயே நிறுத்தினார்.

"பெருசு வேணாம் போஸ். ஒவ்வொரு பெட்டியும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கடல் தாண்டி ஒரு சர்வர்கிட்ட போய்க் கேட்டுட்டு வருது. விளக்குப் போடலாமான்னுகூட அங்கதான் கேக்குது. தூரத்துல கேக்க வேண்டாததைத் தூரத்துல கேக்கக்கூடாது."

அந்தக் கட்டடத்திலேயே ஒரு சின்னக் கணினியை வைத்து, அங்கே முடிக்கக்கூடிய முடிவுகளை அங்கேயே முடிக்கும்படி மாற்றினார். மாதாமாதம் கிளவுடுக்குப் போகும் செலவும் குறைந்தது, காத்திருப்பும் குறைந்தது. பாராட்டு வந்தபோது முதலாளியை இன்னொரு முறை இடைமறித்து, கேன்டீன் மீன்குழம்பைப் பற்றிக் குறை சொன்னார். யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. நம்மில் அவரிடம் கோபித்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

அந்த வாயின் மேல்தான் நோயின் முதல் அடி விழுந்தது. ஒரு நாள் கூட்டத்தில் 'சர்வர்' என்ற சொல் அவர் நாக்கில் குழைந்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒருவர் என் காதில் சொன்னார். பிறகு தேநீர்க் குவளை கையிலிருந்து நழுவியது. பினாங்கில் ஒரு மருத்துவர், கோலாலம்பூரில் ஒரு மருத்துவர் என்று அலைந்து, கடைசியில் பெயர் தெரிந்தது. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். புத்திக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும்.

அலுவலக வாசலில் என்னிடம் சொன்னார். அப்போது அவர் பேச்சு பாதிதான் புரியும்.

"என்னாண்ணே சொன்னாங்க?"

"ஒவ்வொரு லைனா கட் ஆவுமாம். மெயின் சுவிட்ச் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குமாம்."

"மருந்து இருக்கும்லண்ணே."

"இல்லலா. கேட்டுட்டேன்."

சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம்தான் போனது.

கைகள் போய், பேச்சு முழுதும் போன பிறகு, கண்ணால் எழுதும் கருவி ஒன்றை வாங்கினார்கள். திரைக்குக் கீழே ஒரு கேமரா. கண்மணி எந்த எழுத்தின் மேல் நிற்கிறது என்று பார்த்து அதை எழுதும். வாக்கியம் முடிந்ததும் வாசித்துக் காட்டும். ஆங்கிலக் குரல் கருவிக்குள்ளேயே இருந்தது, எழுதியவுடன் பேசிவிடும். தமிழுக்கு அப்படி இல்லை. எழுதியது இணையம் வழியாக எங்கோ போய், அங்கே குரலாகி, திரும்பி வர வேண்டும். அடுத்த சொல்லை ஊகித்துக் கொடுக்கும் பகுதியும் அங்கேதான் இருந்தது. அது செய்தித்தாள் படித்து வளர்ந்த ஊகம். காலையில் என்னைப் பார்த்ததும் 'பசியாறிட்டியா' என்று கேட்பதற்காக அவர் 'ப' எழுதினால், அது 'பட்ஜெட்', 'பதவியேற்பு' என்று நீட்டும். அவர் கண்ணால் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு எழுத்தெழுத்தாக எழுதுவார். குரல் வந்து சேர்வதற்குள் நான் பசியாறிவிட்டேன் என்று பத்மா அக்காவிடம் சொல்லி முடித்து, வேறு பேச்சு தொடங்கியிருக்கும்.

ஒருநாள் அவர் மைத்துனர் வந்திருந்தார். வீட்டை விற்றுவிட்டுத் தரைவீடு ஒன்றுக்குப் போகலாம், சக்கர நாற்காலிக்கு வசதி என்று நல்ல எண்ணத்தில்தான் பேசினார். குணா அண்ணன் கண்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. மைத்துனர் எந்த ஊரில் வாங்கலாம் என்பதுவரை வந்து, பிறகு யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசத் தொடங்கினார். அப்போதுதான் கருவி, "வீட்டை விக்க வேண்டாம்" என்றது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கல்யாணப் பேச்சுக்கு நடுவில் அப்படி விழுந்ததால் வந்த சிரிப்பு. குணா அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். எழுந்து வெளியே போக முடியாத மனிதர் வேறு எப்படி அந்த அறையைவிட்டுப் போவார்? அன்று மாலைவரை அவர் கண் திறக்கவில்லை.

அதைவிட மோசமானது மருத்துவமனையில் நடந்தது. மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் சில வருடங்கள் இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னார். குணா அண்ணன் பத்மா அக்காவைப் பார்த்துத் தமிழில் எழுதத் தொடங்கினார். அந்த அறையில் இணையம் சரியாகக் கிடைக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருத்துவர் காத்திருந்தார். வெளியே நோயாளிகள் நிறைய. பிறகு பத்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். போடுங்கள் என்றுதான் அர்த்தம். வேறு என்ன சொல்வார்? குணா அண்ணன் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாற்றினார். "நோ" என்று ஒரு வெள்ளைக்காரனின் குரல் கேட்டது. யார் பேசுவது என்று பத்மா அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தார்.

வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இத்தன வருசம் குடும்பம் நடத்துன மனுசன் ஜமீலா. வேற எவனோ மாதிரி இங்கிலீஷ்ல வேணாங்கறாரு. ஏன் வேணாம்னு என்கிட்ட சொல்ல வேணாமா?"

அவர் சொல்லத்தான் பார்த்தார். அது வந்து சேரவில்லை.

அதற்கு மறுநாள் நான் அவரிடம், கூட்டங்களில் பதிவான அவருடைய பழைய பேச்சுகள் இருக்கின்றன, அவற்றை வைத்து அவருடைய குரலையே செய்து பார்க்கலாம் என்றேன். கண்கள் நெடுநேரம் எழுதின. "என் குரல் வேணாம். பேச்சுல என் முறை வேணும்" என்று வந்தது. பிறகு இன்னொன்றும் எழுதினார். "பத்மாகிட்ட பேசறதுக்கு எதுக்குக் கடல் தாண்டணும்?"

அப்படித்தான் தொடங்கினோம். மாணவர்கள் சிலர் செய்து எல்லாருக்கும் இலவசமாக விட்டிருந்த ஒரு சின்னத் தமிழ்க் குரல் கிடைத்தது. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும், ழகரம் வராது. அதைச் சுருக்கி, கருவிக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். ஊகிக்கும் பகுதியையும் உள்ளே கொண்டுவர வேண்டும். செய்தித்தாள் தமிழை எடுத்துவிட்டு அவருடைய தமிழை வைக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம், அவர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்திகளைக் கேட்டேன். திட்டியவற்றை நீக்காமல் அனுப்பினீர்கள். அதனால் 'மு' எழுதினால் முதலில் 'முட்டாப்பய' என்று வந்தது. அன்று அவர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார், சிரிப்பு மூச்சில் சிக்கிக்கொள்ள பத்மா அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினார்.

சனிக்கிழமைப் பிற்பகல்கள் எல்லாம் அதற்கே போயின. ஒவ்வொரு வாரமும் அவரிடம் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. தொடங்கும்போது தலையைத் திருப்புவார். பிறகு அதுவும் இல்லை. இரவில் மட்டும் போட்ட மூச்சு முகமூடி பகலுக்கும் வந்தது. நான் எழுதுவதில் தவறு கண்டால் எழுதிக் காட்ட நேரமாகிறதே என்று இமைகளைப் படபடவென்று அடிப்பார். இடது கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்போது கேமரா அதைத் தவறவிடும். துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவோம். நாங்கள் வேகமாகப் போகிறோமா அந்த நோய் வேகமாகப் போகிறதா என்று தெரியாமல் பல நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பினாங்குப் பாலத்தைப் பார்த்தபடி காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

அது முதன்முதலாக ஒழுங்காக ஓடிய அன்று நான் அவர் பக்கத்தில் இருந்தேன். பத்மா அக்கா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"பத்மா, அடுப்புல என்னமோ கருகுது" என்றது கருவி.

அக்கா ஓடினார். சாம்பார் அடிப்பிடித்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்று விம்மினார். கருகி முடிந்த பிறகு இல்லாமல், கருகும்போதே அவர் கணவர் அதைச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பத்மா அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் தேநீர்க் குவளையுடன் அறைக்குள் நுழையும்போது அது தொடங்கிவிட்டது. வெளியேறவும் தோன்றவில்லை.

"நான் சொல்றத முழுசா கேளுங்க. தொண்டையில துளை போட்டா மூச்சுக்கு இவ்ளோ..."

"கேட்டுட்டேன். வேணாம்."

"நான் பாத்துக்குவேன்னு..."

"நீ பாத்துக்குவ. தெரியும். அதுக்குத்தான் வேணாம்."

"அப்ப என்னைய வுட்டுட்டுப் போறது பரவால்லையா உங்களுக்கு?"

இதற்கு உடனே பதில் வரவில்லை. கருவி தயாராகத்தான் இருந்தது. அவர் கண்கள்தாம் ஓரிடத்தில் நின்றுவிட்டன.

"பரவால்லன்னு இல்ல" என்றார். "கண்ணும் நின்னு போச்சுன்னா, உள்ள நான் மட்டும் இருப்பேன். யார்கிட்டயும் பேச முடியாது. பயமா இருக்கு பத்மா."

பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நம்மில் யாரும் கேட்டதில்லை. அந்தத் தகர டப்பாக் குரலில், எந்த ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அது வந்தது.

பத்மா அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்குச் சம்மதம் இல்ல."

"என்னால சொல்ல முடியாதப்ப நீ சொல்லணும்."

"முடியாது."

"நீதான் சொல்லணும். வேற யாரு?"

அக்கா எழுந்து பால்கனிக்குப் போய், காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார். குணா அண்ணன் என்னைப் பார்த்தார். தன் தரப்பைச் சொல்லி முடித்த மனிதரின் முகம் அது என்று நான் நினைத்துக்கொண்டேன். தசை அசையாத முகத்தைப் பார்த்து எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு சில வாரங்கள்தாம். சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது பாதி நினைவு இல்லை. அங்கே நடந்ததைப் பத்மா அக்கா சொல்லித்தான் அறிவேன். மருத்துவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். உடனே முடிவு வேண்டும் என்றார். அக்கா கருவியைக் கட்டிலுக்கு மேல் இழுத்து, அவர் முகத்துக்கு நேரே வைத்தார். "சொல்லுங்க, இப்ப சொல்லுங்க, மாத்திச் சொன்னாக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று அவர் கன்னத்தைத் தட்டினார். இமையை விரலால் தூக்கிப் பிடித்தார். கண்களைக் காணவில்லை என்று கருவி திரையில் எழுதிக்கொண்டே இருந்தது. மருத்துவர் அக்காவின் தோளைத் தொட்டார்.

அக்கா "வேணாம்" என்றார்.

அண்ணன் அன்று பிற்பகலைத் தாண்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. பத்மா அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கடைசியில மனசு மாறியிருந்தா, ஜமீலா?"

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"உள்ள இருந்துகிட்டு, போடச் சொல்லு போடச் சொல்லுன்னு கத்தியிருந்தா? எனக்குக் கேட்டிருக்காதே. நான்தானே வேணாம்னேன்."

அவர் தெளிவாகச் சொல்லியிருந்தாரே, நான் கேட்டேனே என்றேன். "அது அன்னைக்கு" என்றார் அக்கா. அதற்குப் பதில் உங்களில் யாரிடமாவது இருந்தால் அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் தூங்குவதில்லை. இந்த அஞ்சலியை ஆறுதலாக முடிக்க வேண்டும் என்று நானும் பார்க்கிறேன். வரவில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது சில வாரப் பேச்சு. அவர் அதில் தன் சாவைத்தான் பேசி முடித்தார்.

போன வாரம் பாலத்துக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தார். உங்களில் ஒருவர்தான் எண் கொடுத்திருக்கிறார். கணவர் லோரி ஓட்டியவர், அதே நோய், நாக்கு குழையத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அன்றே விடுப்பு எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். குணா அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அவசரம்தான். அது ஆறிப்போகக்கூடாது என்று மட்டும் விரும்புகிறேன்.

அந்த மனிதர் வாசலுக்கு வந்து என்னை வரவேற்றார். ஏதோ சொல்லத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கியது. "தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்கறாரு" என்று அவர் மனைவி முடித்துவைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்சம் கடுமையாகவே பிடித்துவிட்டேன்போல, அவர் திகைத்துப் பார்த்தார். மூவரும் வாசலிலேயே நின்றோம். அந்த மனிதர் கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வோர் எழுத்தாக மேலே கொண்டுவந்தார்.

"தூ... தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. உக்காருங்க."